வரிசை ஒன்றுதானே என்றார் டைரக்டர்

'நிஜத்தின் பிரதிபலிப்பு' என்று ஒரு தொடருக்கு இப்போது விளம்பரம் ஓடுகிறது. எங்கேயோ போர் நடக்கிறது, சர்வாதிகாரி கவிழ்கிறான், மக்கள் எழுகிறார்கள், நடுநடுவே சோப்பு விளம்பரம். போன வாரம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். "சார், போர் முடிஞ்ச ஊர்ல எலக்ஷன் நடக்குற மாதிரி செட் போடணும். நீங்க முன்னாடியே போட்டிருக்கீங்களாமே, எப்படிப் போட்டீங்கன்னு சொல்லுங்களேன்" என்றாள். போட்டேன்தான். அதைப் பற்றிக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. போனில் பேசினால் திட்டாகத்தான் வரும் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதினாலும் திட்டாகத்தான் வரும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் குடவாசல் பக்கம். தஞ்சாவூரில் பேனர் எழுதி, சென்னைக்குப் போய் ஆணி அடித்து, சாயம் பூசி, கடைசியில் தொடர்களுக்கு ஆர்ட் டைரக்டர் என்று பெயர் போடும் இடம்வரை வந்து ஓய்வு பெற்றேன். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். சுவர், நாற்காலி, துப்பாக்கி, பாடை என்று கதைக்கு வேண்டிய எல்லாப் பொருளும் என் பொறுப்பு. கல்யாண வீடு எத்தனை போட்டிருப்பேன், கோர்ட் எத்தனை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போர் மட்டும் அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும் எங்கள் தொடர்களில் போர் என்பது கதாநாயகனுக்கு நினைவு தப்புவதற்கு ஒரு காரணம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. குண்டு வெடிக்கும், தலையில் அடிபடும், மனைவியை மறந்துவிடுவான், இன்னொருத்தி வருவாள். செத்துப்போன ஜனங்களை அடுத்த நாள் எபிசோடில் யாரும் கேட்கமாட்டார்கள். வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் போரை நிறுத்துவதா தொடர்வதா என்று சேனலில் முடிவு செய்வார்கள். நிஜ நாடுகளில் அப்படி நிறுத்த முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நான் சொல்ல வந்த தொடரில், நம் டெல்டாவிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன ஒரு பெண் வெளிநாட்டுப் போரில் மாட்டிக்கொள்கிறாள். எந்த நாடு என்று கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் வம்பு வருமாம். கதைக்காகக் கூத்தாநல்லூரில் ஒரு அம்மாவைப் பார்த்துப் பேசினோம். அவர் மகன் அப்படி ஒரு நாட்டில் மாட்டிக்கொண்டு மீண்டு வந்தவன். "குண்டு எப்பவாவதுதான் விழும் தம்பி. தண்ணிக்கும் ரொட்டிக்கும் வரிசையில நின்னதத்தான் எம்புள்ள இன்னமும் தூக்கத்துல பொலம்புறான்" என்றார். எழுத்தாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது காரிலேயே அதை விட்டுவிட்டு, நர்ஸுக்கு ஒரு ராணுவ அதிகாரியோடு காதல் வைத்தார்.

டைரக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்துகிற டைரக்டர்களிடம் நான் நிறைய வேலை பார்த்திருக்கிறேன், கோபம் தணிந்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். இவர் கத்தவே மாட்டார். லைட்மேன் முதல் கதாநாயகி வரை எல்லாரும் அவருக்குத் 'தங்கம்'. நாம் ஒன்று சொன்னால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "அருமை தங்கம், செஞ்சுடலாம்" என்பார். ஆனால் செய்ய மாட்டார். முடியாது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அந்த மரியாதையை நம்பித்தான் நான் கெட்டேன்.

போர் முடிந்து அந்த நாட்டில் முதல் தேர்தல் நடக்கிறது. நர்ஸ் அதைப் பார்த்துக் கண்கலங்குகிறாள். இதுதான் காட்சி. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கிராமத்தைப் பிடித்துக் கொடுத்தேன். ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் பட்டது போதும். அறுவடை இல்லாத மாதங்களில் அங்கே நெல் கொள்முதல் நிலையம் பூட்டிக் கிடக்கும். அதைக் குண்டு விழுந்த பள்ளிக்கூடமாக மாற்றினேன். சுவரில் தெர்மாகோலை ஒட்டிக் குடைந்து கரி பூசினால் தோட்டா துளைத்த மாதிரி இருக்கும். மணல் மூட்டை தூக்க ஆளில்லாததால் உமியை அடைத்து அடுக்கினேன். ஈர வைக்கோலைக் கொளுத்தி மூட்டம் போட்டேன்.

ஓட்டுச் சாவடியை மட்டும் அசல் மாதிரியே செய்தேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. தேர்தல் தவறாமல் அவளுக்குச் சாவடியில் வேலை போடுவார்கள். பெட்டிக்கு எப்படி அரக்கு வைப்பது, மறைப்பு அட்டை எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று எல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டேன். சீட்டை முதலில் நீளவாக்கில் மடித்துப் பிறகு குறுக்கே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மை இன்னொரு சின்னத்தில் ஒட்டி ஓட்டு செல்லாமல் போகும் என்பதும் அவள் சொன்னதுதான். சீட்டில் இரண்டே சின்னம் போட்டேன், குடையும் பூட்டும். தாள் மட்டும் இளஞ்சிவப்பு. ஏனென்று கேட்டால் பதில் இல்லை. ஓட்டுச் சீட்டு என்றதும் எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கொடுக்கும் அந்த நிறம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வரிசையில் நிற்க அந்த ஊர்ப் பெண்களையே கூப்பிட்டோம். நடவு முடிந்து களையெடுப்பு தொடங்காத சமயம். தெற்குத் தெருவிலிருந்து கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும், நடுத்தெருவிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். டைரக்டர் அவர்களிடம் கனிவாகப் பேசினார். "அம்மா, நீங்க எல்லாம் அந்த நாட்டு ஜனங்க. சண்ட முடிஞ்சிடுச்சு. ஓட்டுங்கிறதையே கண்ணால பாக்காதவங்க, இன்னிக்குத்தான் மொத தடவ போடப் போறீங்க. அந்த ஃபீல் மூஞ்சில வரணும்."

சீட்டைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அஞ்சலை என்ற வயதான அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது தலைவரு சீட்டுல்ல?"

"ஆமாம்மா, சும்மா படத்துக்கு."

அவருக்குப் பின்னால் நின்ற செல்வராணி என்ற பெண்தான் எனக்கு விளக்கம் சொன்னாள். "வார்டு, யூனியன்னு மத்த கலரு சீட்டெல்லாம் எங்களுக்கும் குடுப்பாங்கண்ணே. இந்தச் செவப்ப மட்டும் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. தலைவருக்குத்தான் போட்டியே கெடயாதே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் மனுத்தாக்கலுக்கு முன்னால் கோயில் கமிட்டி கூடும். கலியமூர்த்தி என்பவர் பெயரைச் சொல்வார்கள். வேறு யாரும் மனுப்போடக் கூடாது. 'ஊர் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது' என்று மாலை போட்டுவிடுவார்கள். போர் நடந்த நாட்டு ஜனங்களாக நடிக்கச் சொல்லி நாங்கள் கூட்டி வந்தவர்கள், சொந்த ஊரில் தங்கள் தலைவருக்கு ஓட்டே போட்டிராதவர்கள். ஃபீல் வரணும் என்று அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்!

"யாரு யாரு நிக்கிறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். உதவி டைரக்டர் சிரித்துக்கொண்டே, "நீங்களே யாரையாச்சும் நிறுத்திக்குங்கம்மா" என்றார். லைட் சரிசெய்வதற்குள் முடிவாகிவிட்டது. குடை கலியமூர்த்திக்கு, எங்கே போனாலும் அவருக்கு ஓர் ஆள் குடை பிடிப்பதால். பூட்டு செல்வராணிக்கு. ஈரப்பதம் அதிகம் என்று சொல்லி அதிகாரிகள் ஊர் நெல்லை எடுக்காமல் மழையில் போட்ட ஒரு சாகுபடிப் பட்டத்தில், இதே நிலையத்தின் கேட்டை இழுத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டவள் அவள்.

கேமரா ஓடியது. ஒவ்வொருத்தியாக மறைப்புக்குள் போனார்கள், குத்தினார்கள், மடித்தார்கள், பெட்டியில் போட்டார்கள். நான் எத்தனையோ நடிகைகளைப் பார்த்தவன், அந்த முகங்களைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. டைரக்டருக்கே புல்லரித்திருக்க வேண்டும். "சூப்பர். ஒன் மோர்" என்றார்.

யாரும் நகரவில்லை.

"ஒருக்கா போட்டாச்சே" என்றார் அஞ்சலை.

"இன்னொரு தடவ போடுங்கம்மா. கேமராவ வேற பக்கம் வெக்கிறோம்."

"மறுக்காவும் போட்டா கள்ள ஓட்டாயிரும்யா. அதெல்லாம் நாங்க செய்ய மாட்டோம்."

யூனிட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைத் தாளை மடித்துக் கொடுத்து, பெட்டியையும் மாற்றி வைத்து, இது கணக்கில் சேராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் மறுபடி நின்றார்கள். இரண்டாவது தடவை எடுத்தது பாழ். வெள்ளைத் தாளுக்கு அவர்கள் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

பொழுது சாய டைரக்டர் காரில் ஏறிப் போய்விட்டார். சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். முதல் பெட்டியைத் தூக்கினேன். செல்வராணி குறுக்கே வந்து நின்றாள்.

"எண்ணாம எடுத்துட்டுப் போறீங்க?"

"இது ஷூட்டிங் பெட்டிம்மா."

"பெட்டி ஒங்களுது. சீட்டு எங்களுதுல்ல?"

பின்னால் அத்தனை பேரும் கலையாமல் நின்றார்கள். மனைவிக்கு போன் செய்தேன். முதலில் சிரித்தாள், பிறகு வாத்தியார் குரலுக்கு மாறினாள். "ரெண்டு பக்கத்துக்கும் ஆளு உட்காரணும். மடிச்ச மடிப்போட மொதல்ல எண்ணுங்க, போட்டவங்க எத்தன பேரோ அத்தன இருக்கணும். அப்பறம் பிரிச்சு ஒவ்வொண்ணா எல்லாருக்கும் காட்டிட்டு அடுக்குங்க. சந்தேகமா இருந்தா தனியா வைங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க." பூட்டுக்கு ஒருத்தி உட்கார்ந்தாள். குடைக்கு அஞ்சலை உட்கார்ந்தார். கலியமூர்த்தி வீட்டுக் களத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அவர்.

நெல் கொட்டும் அந்தத் தரையில் எண்ணினோம். குடைதான் ஜெயித்தது. வித்தியாசம் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது. செல்வராணி முகம் வாடும் என்று நினைத்தேன். அவள் தன் பக்கத்து அடுக்கைக் கையில் எடுத்து அதன் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏகமனது ஏகமனதுன்னு சொல்லிச் சொல்லி, நான் ஒருத்திதான் வேற மாதிரி நெனக்கிறேன்னு இருந்தேண்ணே. இத்தன பேரு இருந்துருக்கோம்."

அந்த எபிசோடு வரும் நாளைச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று டிவி பார்க்கச் செல்வராணி வீட்டில் கூட்டமாம். சென்னையில் நானும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசை வந்தது. இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தார்கள், கையில் சீட்டு தெரியக் கூடாதென்று. அஞ்சலையின் கண்கள் பெட்டியைப் பார்த்துக் கீழே இறங்குகின்றன. அடுத்த ஷாட் ஒரு கஞ்சி அண்டா. கதாநாயகி கரண்டியால் ஊற்றுகிறாள். வயலின் அழுகிறது. 'பசிக்கு மொழி ஏது' என்கிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைவருக்கு ஓட்டுப் போட்ட அந்த முகங்கள் அத்தனையும் கஞ்சிக்குக் கையேந்தி நின்றன.

மறுநாள் டைரக்டர் ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கம், உள்ளாட்சித் தேர்தல் வருது. ஓட்டுப் பெட்டியக் காட்டுனா யாருக்குச் சாதகம்னு கேப்பாங்கன்னு சேனல்ல பயப்படுறாங்க. கஞ்சின்னா யாருக்கும் பிரச்சினையில்ல. வரிசை ஒண்ணுதானே? எதுக்கு நின்னா என்ன?"

எதுக்கு நின்னா என்னவா? பசித்து நிற்பது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. கூத்தாநல்லூர் அம்மா அதைச் சொன்னபோது அது வேண்டாம் என்று தூக்கிப் போட்டவர்கள் நீங்கள்தானே? நிஜமாகப் பசித்து நின்றவனைக் காட்ட மாட்டீர்கள், ஓட்டுப் போட நின்றவளைப் பசித்தவளாகக் காட்டுவீர்கள். போர் வேண்டும், பிணம் வேண்டும், புகை வேண்டும். எதற்காக அந்த ஜனங்கள் சண்டை போட்டார்களோ அது மட்டும் உங்களுக்கு ஆபத்து. இதற்குப் பிரதிபலிப்பு என்று பெயர் வைக்க எப்படி வாய் வருகிறது? நான் அன்றோடு அந்தத் தொடரை விட்டேன். அவர் வாசல்வரை வந்து, "அருமை தங்கம், பேசிக்கலாம்" என்று வழியனுப்பினார்.

நான் ஒரு தொடரை விட்டதோடு சரி. அடி விழுந்தது ஊரில். வாய்க்கால் கரையில், டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் இதே பேச்சாகிப் போனது. "கஞ்சிக்கு நின்னவளுங்களுக்குத் தலைவரு பதவி கேக்குதா?" பெட்டியைத் திறந்து எண்ணிய கதை கலியமூர்த்தி காதுக்குப் போயிருந்தது. செல்வராணி வீட்டுக்காரர் கோயில் நிலம் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்று பறிக்கிற பக்குவத்தில் நிற்கும்போது நிலத்தை வேறொருத்தருக்கு மாற்றிவிட்டதாகக் கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவள் போன் செய்தபோது என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நாத்த என்னண்ணே பண்றது?" என்று மட்டும் கேட்டாள்.

தேர்தல் வந்தது. ஊரே எதிர்பாராதபடி அவள் மனுப்போட்டாள். வாபஸ் வாங்கும் நாளுக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்கள். அப்போது நான் ஊரில்தான் இருந்தேன், வெளியே நின்று கேட்டேன். கலியமூர்த்தி கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. "ஊரு ஒத்துமைதாம்மா முக்கியம். ஒன் ஒருத்தியால அது கெடணுமா?" என்றார். குத்தகையைத் திருப்பித் தருவதாகவும் சாடையாகச் சொன்னார். செல்வராணி வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த நிலம்தான் அவர்களுக்குச் சோறு.

அவள் பதில் சொல்வதற்குள் அஞ்சலை எழுந்துவிட்டார்.

"அய்யா, அன்னைக்கி நான் ஒங்களுக்குத்தான் குத்துனேன். கொடைக்கி. ஒங்க உப்பத் தின்னவ நான். ஆனா நான் கஞ்சிக்கி நிக்கலய்யா. ஒங்களுக்கு ஓட்டுப் போட நின்னவள ஒங்க ஆளுங்களே கஞ்சிக்கி நின்னவன்னு சிரிச்சப்ப, நீங்க ஒரு வார்த்த இல்லடான்னு சொல்லல. அவ வாபஸ் வாங்க வேணாம்."

மண்டபத்தில் அதற்குப் பிறகு யாரும் ஒற்றுமை பற்றிப் பேசவில்லை. செல்வராணி வாபஸ் வாங்கவில்லை. அந்த ஊரில் முதல் தடவையாக இளஞ்சிவப்புச் சீட்டு அச்சடிக்கப்பட்டது. அதில் குடையும் இல்லை, பூட்டும் இல்லை, அரசாங்கம் கொடுத்த வேறு சின்னங்கள். குடைக்குக் குத்திய பெண்கள் பலர் இந்தத் தடவை இவளுக்குக் குத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் ஜெயித்துவிட்டாள். எவ்வளவு வித்தியாசம் என்று அவள் எனக்கு இரண்டு தடவை சொன்னாள். குத்தகை நிலம் இன்றுவரை திரும்பவில்லை. அவள் வீட்டுக்காரர் வேறொருத்தர் வயலில் கூலிக்குத்தான் போகிறார்.

சேனல்காரர்களுக்கு விஷயம் எட்டியதும் என்ன செய்தார்கள் தெரியுமா? 'எங்கள் தொடர் ஒரு கிராமத்தில் ஜனநாயகம் மலரச் செய்தது' என்று துண்டு விளம்பரம் போட்டார்கள். அதிலும் அதே வரிசை. இந்தத் தடவை கையில் இருந்த சீட்டு தெரிந்தது. அண்டாவைக் காணோம். தைரியமாகக் காட்ட அவள் ஜெயிக்கும்வரை காத்திருந்தவர்கள், ஜெயித்தது தங்களால்தான் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. செல்வராணி அதைப் பார்த்தாளா என்று கேட்டேன். வேலைக்கு நேரம் சரியாக இருந்ததாம், பார்க்கவில்லையாம்.

போன மாசம் அதே கம்பெனி இரண்டாம் பாகம் எடுக்க அந்த ஊருக்கே வந்தது. இப்போது ஊராட்சித் தலைவரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். டைரக்டர் நேரில் வந்து, "எங்களுக்கெல்லாம் நீங்கதான் இன்ஸ்பிரேஷன் தங்கம்" என்றாராம். செல்வராணி நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, அனுமதியும் தருகிறேன் என்றிருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை. இந்த ஊர் ஜனங்களை வைத்து எடுத்ததை டிவியில் போடுவதற்கு முன்னால் கிராம சபையில் போட்டுக் காட்ட வேண்டும், சபை சரி என்றால்தான் ஒளிபரப்பலாம். அதற்குத் தீர்மானமும் போட்டு வைத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "அருமை, செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பவில்லை. திருப்பனந்தாள் பக்கம் வேறொரு கிராமத்தைப் பிடித்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த சாயங்காலமே செல்வராணி எனக்குப் போன் செய்தாள். தப்பித்தோம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, அந்த ஊருலயும் கிராம சபை இருக்குல்ல? அங்க தலைவரு யாருன்னு விசாரிச்சு நம்பர் வாங்கிக் குடுங்க. எங்க தீர்மானத்த அப்புடியே அனுப்பி வெச்சுடுறேன்."